நடுவில் இருப்பவர் யார்?

ஒவ்வோர் ஆண்டும் மத்திய நிதிநிலை அறிக்கை தாக்கல் செய்யப்படும் நாளில் மிகுதியாகப் புழங்கும் சொல் 'நடுத்தர வர்க்கம்'. 2025 பிப்ரவரி 1 அன்று, புதிய வரி முறையின்கீழ் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ளவர் வரி செலுத்த வேண்டியதில்லை என்று நிதியமைச்சர் அறிவித்தார். மாத ஊதியம் பெறுவோருக்கு நிலையான கழிவையும் சேர்த்தால் இவ்வரம்பு 12.75 லட்சம். நடுத்தர வர்க்கத்துக்குக் கிடைத்த பெரும் நிம்மதி என்று ஆளுங்கட்சியும், காலம் தாழ்த்திக் கிடைத்த நீதி என்று எதிர்க்கட்சிகளில் சிலவும் கூறின. இதனால் நேரடி வரி வருவாயில் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி ரூபாய் குறையும் என்பது அரசே சொன்ன கணக்கு. அதே நிதிநிலை அறிக்கையில் ஊரக வேலை உறுதித் திட்டத்துக்கு ஒதுக்கப்பட்டது 86,000 கோடி ரூபாய்.

இவ்விரு தொகைகளையும் அருகருகே வைப்பது, வரிச்சலுகை பெற்றவர்மீது பொறாமை கொள்வதற்காக அன்று. ஒரு சொல்லுக்கு எவ்வளவு பண மதிப்பு உண்டு என்பதைக் காட்டுவதற்காகவே. 'நடுத்தரம்' என்ற பெயர் யாருக்குப் பொருந்துகிறதோ அவருக்கே அரசின் செவியும் கருவூலத்தின் கதவும் திறக்கின்றன. அப்படியானால், அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று கேட்பது வெறும் சொல்லாராய்ச்சி ஆகாது.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொருளியல் கற்பித்த காலத்தில், வருமானப் பகிர்வு பற்றிய பாடத்தைத் தொடங்கும் முன் மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்பது என் வழக்கம். உங்கள் குடும்பம் மேல்தட்டா, நடுத்தரமா, அடித்தட்டா என்பதே அக்கேள்வி. மகிழுந்தில் வந்து இறங்கிய மருத்துவரின் மகளும், பேருந்து நிலையத்தில் பழக்கடை வைத்திருந்தவரின் மகனும் ஒரே விடையைத்தான் எழுதினார்கள்: நடுத்தரம். இருவருமே பொய் சொல்லவில்லை. அந்தச் சொல் அவ்வளவு அகன்றது. அகன்ற சொல்லின் நிழலில் யார் நிற்கிறார், யார் வெயிலில் நிற்கிறார் என்பது எளிதில் புலப்படுவதில்லை.

அமெரிக்காவின் இரண்டு ஏணிகள்

இச்சொல்லை அரசியலின் நடுமேடையில் ஏற்றிய நாடு அமெரிக்கா. இங்கிலாந்தில் நடுத்தர வர்க்கம் என்றால் பிரபுக்களுக்கும் உழைப்பாளிகளுக்கும் இடைப்பட்ட வணிகர், வழக்கறிஞர் போன்றோர் என்று பொருள். பிரபுக்களே இல்லாத அமெரிக்காவில் அப்பொருள் நிலைக்கவில்லை. அங்கே சொந்த நிலத்தில் பாடுபடும் உழவரும், சொந்தப் பட்டறை வைத்திருக்கும் கைவினைஞரும் குடியரசின் முதுகெலும்பு என்று கருதப்பட்டனர். ஆபிரகாம் லிங்கன் இக்கருத்தை ஓர் ஏணியாகவே விளக்கினார். இன்று கூலிக்கு உழைப்பவர் சிறுகச் சேமித்து, நாளை தனக்கென்று கருவியோ நிலமோ வாங்குவார். அதற்கடுத்த நாள் இன்னொருவருக்கு வேலை கொடுப்பார். கூலி என்பது ஒருவர் கடந்து செல்லும் படியே ஒழிய, வாழ்நாள் முழுதும் தங்கும் இடம் அன்று. 1862-இல் அவர் கையெழுத்திட்ட குடியேற்ற நிலச் சட்டம், ஐந்தாண்டுகள் தங்கிப் பயிரிட்டவருக்கு 160 ஏக்கர் நிலத்தை ஏறத்தாழ இலவசமாகவே வழங்கியது. அந்த நிலம் பூர்வகுடி மக்களிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே நினைவுகொள்ள வேண்டும்.

இந்த முதல் ஏணி, பெருந்தொழிற்சாலைகள் வந்ததும் ஆட்டம் கண்டது. 1929-இல் தொடங்கிய பெருமந்தத்தில் முறிந்தது. அதன்பின் அமெரிக்கா இரண்டாவது ஏணியைச் செய்தது. இம்முறை அதன் சட்டம் நிலம் அன்று, ஊதியம். 1935-இல் தொழிற்சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பும், முதியோருக்குச் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியமும் வந்தன. 1944-இல் போர்வீரர் மறுவாழ்வுச் சட்டம் வந்தது. 1956-க்குள் ஏறத்தாழ 78 லட்சம் முன்னாள் வீரர்கள் அதன் துணையால் கல்லூரிக் கல்வியோ தொழிற்பயிற்சியோ பெற்றனர். அரசு உத்தரவாதத்துடன் நீண்டகால வீட்டுக் கடன் கிடைத்ததால், 1940-இல் 44 விழுக்காடாக இருந்த சொந்த வீட்டுக் குடும்பங்கள் 1960-இல் 62 விழுக்காடாயின. 1950-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமும் கார்த் தொழிலாளர் சங்கமும் செய்துகொண்ட ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, விலைவாசிக்கு ஏற்ப உயரும் ஊதியம் ஆகியவை இடம்பெற்றன. நாம் பஞ்சப்படி என்று சொல்வதன் அமெரிக்க வடிவம் இது.

இதன் விளைவு வியப்புக்குரியது. கைகளில் எண்ணெய்க் கறையுடன் வேலை செய்த ஆலைத் தொழிலாளி, வீடும் காரும் உள்ள நடுத்தர வர்க்கத்தினர் ஆனார். உலகின் பிற பகுதிகளில் உழைக்கும் வர்க்கம் என்று அழைக்கப்பட்டவரை அமெரிக்கா நடுத்தர வர்க்கம் என்று அழைத்தது. அது வெறும் அலங்காரப் பேச்சாக இல்லாமல் இருந்ததற்குக் காரணம், தொழிலாளரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் சங்கத்தில் இருந்ததுதான். ஆனால், ஏணியின் அடியில் காவலர்களும் நின்றார்கள். 1935-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் பண்ணைத் தொழிலாளரையும் வீட்டு வேலை செய்வோரையும் விலக்கியது. கறுப்பினத்தவரில் பெரும்பாலோர் அன்று செய்துவந்தவை அவ்விரு வேலைகள்தாம். கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளை வரைபடத்தில் சிவப்புக் கோட்டால் குறித்து, அங்கு வீட்டுக் கடன் மறுக்கப்பட்டது.

இன்று அந்த இரண்டாவது ஏணியும் தேய்ந்துவிட்டது. தொழிற்சங்கத்தில் இருப்போர் பத்தில் ஒருவர் மட்டுமே. அமெரிக்காவின் ப்யூ ஆய்வு மையம், நாட்டின் இடைநிலைக் குடும்ப வருமானத்தில் மூன்றில் இரு பங்கு முதல் இரு மடங்கு வரை உள்ளவரை நடுத்தர வருமானத்தினர் என்று வரையறுக்கிறது. 1971-இல் அமெரிக்கர்களில் 61 விழுக்காட்டினர் இதில் அடங்கினர். 2023-இல் 51 விழுக்காட்டினர். வெளியேறியவர்களில் பலர் மேலே சென்றனர், சிலர் கீழே சரிந்தனர். நாட்டின் மொத்தக் குடும்ப வருமானத்தில் நடுத்தரத்தினரின் பங்கோ 62 விழுக்காட்டிலிருந்து 43 விழுக்காடாகச் சுருங்கியது. எண்ணிக்கை குறையக் குறைய அச்சொல்லின் முழக்கம் மட்டும் உயர்ந்தது. 1992-இல் மறக்கப்பட்ட நடுத்தர வர்க்கத்தைப் பேசியே கிளிண்டன் வென்றார். 2009-இல் ஒபாமா அதற்கெனத் தனிக் குழுவை அமைத்து, துணை அதிபர் பைடனைத் தலைவராக்கினார். இரு கட்சிகளும் நடுத்தரத்தைப் பேசிய அளவுக்கு ஏழைகளைப் பேசவில்லை.

பர்மாவுக்குச் சென்ற ஏணி

இந்த இரண்டு ஏணிகளின் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் செட்டிநாடுதான் நினைவுக்கு வரும். பள்ளத்தூரிலும் கானாடுகாத்தானிலும் வரிசையாக நிற்கும் மாளிகைகளைக் காண வருவோர், இது பெருஞ்செல்வர்களின் ஊர் என்று எண்ணித் திரும்புகிறார்கள். அம்மாளிகைகளுக்குப் பின்னால் இருந்த படிநிலைகளை அவர்கள் காண்பதில்லை.

நகரத்தார் லேவாதேவி நிறுவனங்களில் சிறுவனாகச் சேர்பவர் பெட்டியடிப் பையன். கணக்கும் கடிதமும் பழகியபின் அடுத்தாள். அதன்பின், முதலாளியின் சார்பில் கடையையே நடத்தும் மேலாள். சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டு, மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு, பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணையில் பர்மாவுக்கோ மலேயாவுக்கோ இலங்கைக்கோ கப்பலேறினார்கள். கிட்டங்கியில் ஒரு பெட்டியும் ஒரு பாயுமே அவர்களது உலகம். தவணை முடிந்து ஊர் திரும்பியவர்களில் சிலர், சேமித்ததைக் கொண்டு சொந்தமாகத் தொழில் தொடங்கினர். லிங்கன் விவரித்த ஏணி இதுவே. நிலத்துக்கு மாற்றாகக் கணக்குப் பேரேடு, அவ்வளவுதான் வேறுபாடு. செல்வர் வீட்டிலும் திருமணமான மகனை 'வேறு வைத்து', ஆண்டுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்து, அதற்குள் குடும்பம் நடத்தச் செய்த வழக்கம், சிக்கனத்தை ஓர் அறமாகவே ஆக்கியிருந்தது.

இந்த ஏணியும் பிறர் நிலத்தில்தான் ஊன்றப்பட்டிருந்தது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் பர்மாவின் நெல் உலகச் சந்தைக்குப் போனது. ஐராவதி ஆற்றுப் படுகையில் காடு திருத்திய உழவருக்குக் கடன் கொடுத்தவர்கள் செட்டிநாட்டார். 1929-30-இல் பர்மாவில் அவர்கள் இட்டிருந்த முதல் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்று அன்றைய வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. நெல் விலை வீழ்ந்ததும் உழவரால் கடனைத் திருப்ப முடியவில்லை. அடமானம் வைத்த நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் 1930-இல் 6 விழுக்காடாக இருந்த செட்டியார்களின் நிலவுடைமை, 1938-க்குள் 25 விழுக்காடானது. அவர்கள் விரும்பியது பணம், கிடைத்தது நிலம். நிலத்தை இழந்த பர்மிய உழவரின் சினம் அடுத்தடுத்த கலவரங்களில் வெளிப்பட்டது. 1942-இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது எல்லாம் முடிந்தது. விடுதலை பெற்ற பர்மா 1948-இல் நில நாட்டுடைமைச் சட்டம் இயற்றியது.

அந்த வீழ்ச்சியில் யார் தப்பினார், யார் தப்பவில்லை என்பதில்தான் நமக்கான பாடம் இருக்கிறது. பள்ளத்தூரைச் சேர்ந்த ஏ.எம். முருகப்ப செட்டியாரின் குடும்பம் போருக்கு முன்பே முதலைத் தாயகத்துக்கு மாற்றியது. அது பின்னர் சைக்கிள் தொழிற்சாலையாகவும் பிற ஆலைகளாகவும் உருவெடுத்தது. பெருமுதலுக்குக் கால்கள் உண்டு. அது நாடு விட்டு நாடு நடக்கும். அடுத்தாளுக்கும் மேலாளுக்கும் அந்த வசதி இல்லை. அவர்கள் நடந்தபோது அசாம் மலைப்பாதையில் உண்மையாகவே நடந்தார்கள். கையில் முதல் இல்லாமல், கணக்குத் திறமை மட்டும் உள்ள ஒரு தலைமுறை ஊர் திரும்பியது. அதன்பின் பல வீடுகளில் தேக்குத் தூண்களும் வார்ப்புப் பாத்திரங்களும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்குப் போயின.

அந்தத் தலைமுறையின் பிள்ளைகளைத் தாங்கியது இரண்டாவது ஏணி. 1937 பிப்ரவரியில் மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, சென்னை, ரங்கூன் ஆகியவற்றுடன் காரைக்குடியிலும் ஒரே நேரத்தில் கதவு திறந்தது; 1969-இல் நாட்டுடைமையான 14 வங்கிகளுள் அதுவும் ஒன்று. வள்ளல் அழகப்பர் 1947-இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார்; 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தை இவ்வறண்ட மண்ணுக்குக் கொண்டுவந்தார். பள்ளத்தூரிலேயே பெண்களுக்கென சீதாலட்சுமி ஆச்சி கல்லூரி எழுந்தது. இக்கல்லூரிகளிலிருந்து வங்கி எழுத்தர், ஆசிரியர், காப்பீட்டுக் கழக அலுவலர், மின்வாரிய ஊழியர் என ஒரு புதிய வர்க்கம் புறப்பட்டது. மாளிகை வீட்டாரின் பிள்ளைகள் மட்டுமல்லர். அவ்வீடுகளைக் கட்டிய கொத்தனார், தச்சர் வீட்டுப் பிள்ளைகளும், சுற்றுக் கிராமத்து உழவர் வீட்டுப் பிள்ளைகளும் அதில் ஏறினார்கள். மாதச் சம்பளம், பஞ்சப்படி, வருங்கால வைப்பு நிதி, வீட்டுக் கடன், ஓய்வூதியம் ஆகிய ஐந்தும் சேர்ந்ததே தமிழகத்தின் நடுத்தர வாழ்க்கை. அவற்றுள் ஒன்றுகூடச் சந்தை தானாகத் தந்தது அன்று. சட்டமும் சங்கமும் பொது நிறுவனங்களும் அறக்கொடையும் சேர்ந்து செய்தவை அவை.

வாசலில் நின்ற கேள்வி

அமெரிக்காவில் ஏணியின் அடியில் நிறம் நின்றது. இங்கே சாதி நின்றது. ஆள்வோருக்கும் ஆளப்படுவோருக்கும் இடையே மொழிபெயர்க்கும் ஒரு வகுப்பை உருவாக்க வேண்டும் என்று 1835-இல் மெக்காலே எழுதினார். 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. ஆங்கிலக் கல்வியும் அரசுப் பணியுமே நடுத்தர வர்க்கத்தின் அடையாளங்கள் ஆயின. அவற்றில் மிகச் சிறிய பிரிவினரே நிறைந்திருந்ததை எண்களோடு எடுத்துக்காட்டியது, 1916 டிசம்பரில் பிட்டி தியாகராயர் வெளியிட்ட பிராமணரல்லாதார் அறிக்கை. 1921-இல் வகுப்புவாரி அரசாணை பிறந்தது. அதனை உச்ச நீதிமன்றம் 1951-இல் செல்லாது என்றபோது, சென்னை மாகாணத்தில் எழுந்த கிளர்ச்சி அதே ஆண்டில் அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தத்துக்கு வழிவகுத்தது. காமராசரின் பள்ளிகளும் மதிய உணவும் அதே வாசலை இன்னொரு பக்கத்திலிருந்து அகலமாக்கின. இன்று தமிழகத்தில் 18 முதல் 23 வயதுக்குட்பட்டோரில் உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் 47 விழுக்காடு. அகில இந்திய அளவில் 28.4 விழுக்காடு (2021-22). அமெரிக்காவில் நடுத்தர வர்க்க அரசியல் என்பது ஊதியத்தையும் வீட்டையும் பற்றியது. தமிழகத்தில் அது பள்ளியையும் பணியிடத்தையும் பற்றியது. நாம் அதனைச் சமூக நீதி என்று அழைத்தோம்.

நடுத்தரம் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிப்பது எவ்வளவு சூடான வேலை என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு சான்று உண்டு. 1979-இல் எம்.ஜி.ஆர். அரசு, பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீட்டுக்கு ஆண்டு வருமானம் 9,000 ரூபாய் என்ற உச்சவரம்பை விதித்தது. மாதம் 750 ரூபாய்க்கு மேல் ஈட்டும் குடும்பம் பிற்பட்ட நிலையைக் கடந்துவிட்டது என்பது அதன் பொருள். 1980 ஜனவரியில் நடந்த மக்களவைத் தேர்தலில் தமிழகத்தின் 39 தொகுதிகளில் அ.தி.மு.க. இரண்டில் மட்டுமே வென்றது. தோல்விக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆயினும் அரசு அந்த ஆணையைத் திரும்பப் பெற்றதோடு, 31 விழுக்காடாக இருந்த பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டை 50 விழுக்காடாகவும் உயர்த்தியது. அன்று மக்கள் சொன்னதை இவ்வாறு புரிந்துகொள்ளலாம்: ஏணியின் முதற்படியில் கால் வைத்தவரை, ஏறி முடித்தவராகக் கணக்கிடாதீர்கள்.

ஒரு குடும்பம், பல கோடுகள்

இன்று நம் அரசுகள் கிழித்திருக்கும் கோடுகளைப் பாருங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு வரம்பு 2.5 லட்சம். மத்திய அரசின் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் ஒதுக்கீட்டுக்கு வரம்பு 8 லட்சம்; பிற்படுத்தப்பட்டோரில் 'வளமான பிரிவினர்' தொடங்குவதும் அதே 8 லட்சத்தில்தான். வருமான வரியோ 12 லட்சத்துக்கு மேல். ஆண்டுக்கு 4 லட்சம் ரூபாய் ஈட்டும் ஒரு குடும்பம் மாநில அரசின் உதவிகளுக்குத் தகுதியற்ற வசதி படைத்த குடும்பம். மத்திய அரசின் ஒதுக்கீட்டு விதியில் நலிந்த குடும்பம். வரிச்சலுகை விவாதத்திலோ அப்படியொரு குடும்பம் இருப்பதாகவே தெரியாது.

உண்மையான நடு எங்கே இருக்கிறது? 2022-23 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, இந்திய நகரங்களில் ஒரு நபரின் சராசரி மாதச் செலவு 6,459 ரூபாய். கிராமங்களில் 3,773 ரூபாய். தமிழகத்தில் இவை முறையே 7,630, 5,310. நகரத்தில் மேல்மட்டத்து 5 விழுக்காட்டினரின் சராசரி 20,824 ரூபாய். அதாவது, நால்வர் கொண்ட குடும்பம் நகரில் மாதம் சுமார் 83,000 ரூபாய் செலவழித்தால், அது நாட்டின் நகர்ப்புற மக்களில் உச்சியில் உள்ள இருபதில் ஒரு பங்கினரின் வாழ்க்கை. பெருஞ்செல்வர்கள் இத்தகைய கணக்கெடுப்புகளில் முழுமையாகப் பதிவாவதில்லை என்பது உண்மையே. அதற்கு இடம் விட்டுப் பார்த்தாலும், நாம் அன்றாடப் பேச்சில் 'சாதாரண நடுத்தரக் குடும்பம்' என்று சொல்வது, எண்களின்படி உச்சிக்கு அருகில் நிற்கிறது.

வேலையைப் பொறுத்தும் இதே நிலைதான். 2023-24 தொழிலாளர் கணக்கெடுப்பின்படி வேலையில் இருப்போரில் மாத ஊதியம் பெறுபவர் 21.7 விழுக்காடு மட்டுமே. அவர்களுடைய சராசரி மாத ஊதியம் சுமார் 20,000 ரூபாய். அவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு எழுத்துவடிவ வேலை ஒப்பந்தம் கிடையாது. அடுத்தாளுக்கு நூறாண்டுகளுக்கு முன் இருந்த சம்பளச் சீட்டுகூட இன்று துணிக்கடை விற்பனையாளருக்கு இல்லை. அவர் பணி நேரத்தில் உட்கார இருக்கை தர வேண்டும் என்பதையே 2021-இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்துதான் தமிழக அரசு உறுதி செய்ய வேண்டியிருந்தது. தனியார் பள்ளி ஆசிரியை, சரக்கு வாகன ஓட்டுநர், தையற்கூடத் தொழிலாளி, ஒப்பந்த செவிலியர், உணவு விநியோக இளைஞர் ஆகியோரே புள்ளிவிவரப்படி நடுவில் இருப்பவர்கள். இவர்களைப் பற்றி நிதிநிலை அறிக்கை நாளில் எந்தத் தொலைக்காட்சி விவாதமும் நடைபெறுவதில்லை.

இவர்களுடைய நிலையின் தனித்தன்மை வறுமை அன்று, வழுக்கல். ஒரு மருத்துவச் செலவு, ஒரு வேலையிழப்பு, ஓர் ஆண்டுக் கல்லூரிக் கட்டணம் போதும், பத்தாண்டுச் சேமிப்பு கரைந்துவிட. அரசின் இலவசக் காப்பீட்டுக்குள்ளும் வராமல், தனியார் காப்பீட்டை வாங்கவும் இயலாமல் இடையில் நிற்போர் குறைந்தது 30 விழுக்காட்டினர், ஏறத்தாழ 40 கோடிப் பேர் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை கணக்கிட்டது. 'விடுபட்ட நடுப்பகுதி' என்று அவ்வறிக்கை இவர்களுக்குப் பெயரிட்டது. நடுவில் இருப்பவருக்குக் கிடைத்த பெயரே 'விடுபட்டவர்' என்றால், நம் அளவுகோலில் ஏதோ கோணல் இருக்கிறது.

இதைச் சொல்லும்போது, வரி செலுத்தும் ஊதியக்காரரின் மனக்குறையைப் புறந்தள்ளுவது நியாயம் ஆகாது. அவருடைய வரி கைக்கு வருமுன்பே பிடிக்கப்படுகிறது. அரசுப் பள்ளிமீதும் அரசு மருத்துவமனைமீதும் நம்பிக்கை இழந்து, அதே சேவையைத் தனியாரிடம் மீண்டும் விலைக்கு வாங்குகிறார். பெரும் வணிகர் பலர் வருமானத்தை மறைக்க, அவர் ஒருவரே கண்ணாடி வீட்டில் இருப்பதுபோல் உணர்கிறார். இவை உண்மையான குறைகள். ஆனால், அவற்றுக்கு மருந்து வரிச்சலுகை மட்டும் அன்று. மீதமாகும் வரிப்பணம் பள்ளிக் கட்டண உயர்வில் கரைந்துபோகும். நல்ல பொதுப் பள்ளியும் நல்ல பொது மருத்துவமனையும் இருந்தால், அவருக்கும் துணிக்கடை விற்பனையாளருக்கும் ஒரே நேரத்தில் பயன் கிட்டும். தாம் தனி வர்க்கம் என்று கருதிக்கொள்ளும் இருவருக்கும் பொதுவான நலன் அங்கேதான் இருக்கிறது.

மூன்றாவது ஏணி

நிலமும் பேரேடும் முதல் ஏணி. மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் இரண்டாவது. இரண்டாவது ஏணியின் படிகளும் இப்போது ஒவ்வொன்றாகக் கழற்றப்படுகின்றன. தமிழக அரசுப் பணியில் 2003 ஏப்ரலுக்குப் பின் சேர்ந்தோருக்கும், மத்திய அரசுப் பணியில் 2004 ஜனவரிக்குப் பின் சேர்ந்தோருக்கும் பழைய ஓய்வூதியம் நிறுத்தப்பட்டது. நிரந்தரப் பணியிடங்கள் ஒப்பந்தப் பணியிடங்கள் ஆகின்றன. மூன்றாவது ஏணி இன்னும் செய்யப்படவில்லை. ஏணி தானாக முளைப்பதில்லை என்பதே அமெரிக்க வரலாறும் செட்டிநாட்டு வரலாறும் சேர்ந்து சொல்லும் செய்தி.

அதற்கு முதலில் அளவுகோலைச் சரிசெய்ய வேண்டும். நாம் குடும்பங்களின் செலவை அளக்கிறோம். வருமானத்தைத் தொடர்ச்சியாக அளப்பதில்லை. இடைநிலைக் குடும்பத்தின் வருமானம் இவ்வளவு என்று மாவட்டவாரியாக ஆண்டுதோறும் வெளியிட்டால், யார் நடுவில் இருக்கிறார் என்ற கேள்விக்கு முழக்கங்களால் அல்லாமல் எண்களால் விடை சொல்ல முடியும். அரசின் எல்லா வரம்புகளையும் அந்த எண்ணோடு பிணைக்கலாம். வருங்கால வைப்பு நிதிக்கான ஊதிய வரம்பு 2014-இல் 15,000 ரூபாய் என்றும், தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கான வரம்பு 2017-இல் 21,000 ரூபாய் என்றும் நிர்ணயிக்கப்பட்டன. விலைவாசி ஏறும்போது வரம்பு அசையாமல் நின்றால், ஊதியம் பெயரளவில் உயர்ந்ததற்காகவே தொழிலாளி பாதுகாப்பை இழக்க நேரிடும்.

அடுத்து, பாதுகாப்பு வேலையோடு அன்றி ஆளோடு செல்ல வேண்டும். காரைக்குடியில் ஓராண்டும் திருப்பூரில் ஓராண்டும் சிங்கப்பூரில் ஈராண்டும் உழைக்கும் இளைஞருக்கு, எங்கு சென்றாலும் தொடரும் ஓர் ஓய்வூதியக் கணக்கும், தாமும் ஒரு பங்கு செலுத்திச் சேரக்கூடிய மருத்துவக் காப்பீடும் தேவை. இலவசம் வேண்டாம், பங்களித்துச் சேர ஒரு வழி வேண்டும் என்பதே விடுபட்ட நடுவில் இருக்கும் பலரது எதிர்பார்ப்பு. பத்துப் பேர் வேலை செய்யும் கடையிலும் எழுத்துவடிவப் பணி ஆணையும் மாதச் சம்பளச் சீட்டும் கட்டாயம் என்றால், அரசுக்கு அதனால் ஆகும் செலவு மிகக் குறைவு. ஆனால் அந்த ஒரு தாள் இருந்தால்தான் வங்கி கடன் தரும், வைப்பு நிதி கேட்கலாம், நியாயமும் கேட்கலாம்.

தமிழில் 'நடு' என்ற சொல்லுக்கு இடம் என்ற பொருள் மட்டுமல்ல, நேர்மை என்ற பொருளும் உண்டு. நடுவு நிலைமைக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கினார். நடுத்தர வர்க்கத்தின் பெயரால் ஒரு சலுகை அடுத்த முறை அறிவிக்கப்படும்போது, அது நடுவில் இருப்பவரைச் சென்று சேர்கிறதா என்று நாம் கேட்க வேண்டும். துணிக்கடையில் நின்று உழைக்கும் பெண்ணின் கைக்கு அது எந்த வழியில் வரும் என்ற ஒரு கேள்வியே அதற்குப் போதுமான உரைகல்.